சீப்பால் தட்டினால் ஓடும் ஃபேன்

வணக்கம் நேயர்களே. பழைய ஃபேன்களைப் பற்றிப் பேசக் கூப்பிட்டுவிட்டு, என்னை ஏ.சி. அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள். ஃபேன் போட்டால் அதன் சத்தம் மைக்கில் விழுமாம். எனக்கு அந்தச் சத்தம் இல்லாவிட்டால் ராத்திரி தூக்கமே வராது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பதினோரு பழைய மின்விசிறிகள் இருக்கின்றன. பதினொன்றும் ஓடுகின்றன. எனக்குப் பெருமை எண்ணிக்கையில் இல்லை, அவை ஓடுவதில்தான். சிலர் பித்தளை இறக்கையைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஷோகேஸில் வைத்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் நின்றுபோன ஃபேனுக்குள் எண்ணெய் பிசினாக இறுகிவிடும். அப்புறம் ஒரு நாள் ஆசையாக ஸ்விட்ச் போட்டால் அது முனகும், சுற்றாது. அதனால் எங்கள் வீட்டில் எல்லா ஃபேனுக்கும் முறை உண்டு. இந்த வாரம் கூடத்தில் ஓடுவது, அடுத்த வாரம் சமையலறை வாசலுக்குப் போகும்.

முதல் ஃபேனைச் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். 1985இல் அந்தக் கட்டடம் எரிந்துபோவதற்கு இரண்டு வருஷம் முன்பு. பிறகு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இரண்டு. அங்கே பழைய வீட்டுச் சாமான்களோடு டேபிள் ஃபேன்களும் வரும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் தோள்பட்டை இறங்கிவிடும், அடிப்பாகம் முழுக்க வார்ப்பிரும்பு. முழு வேகத்தில் ஓடினாலும் மேஜையில் ஒரு இம்மி நகராது. இப்போது வாங்கும் பிளாஸ்டிக் ஃபேன் நடந்தே அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது ரயில் ஃபேனைப் பற்றி. நேயர்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். இரண்டாம் வகுப்புப் பெட்டி, மே மாதம். தலைக்கு மேலே கூண்டுக்குள் ஒரு ஃபேன். ஸ்விட்சைப் போட்டால் சுற்றாது. எதிர் சீட்டுப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுப்பார், கம்பி இடுக்கில் விட்டு இறக்கையை ஒரு தட்டுத் தட்டுவார், ஓட ஆரம்பித்துவிடும். அவரும் ஏதோ ஆபரேஷன் செய்த டாக்டர் மாதிரி சீப்பைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொள்வார்.

அந்த மாதிரி ஃபேன் ஒன்று பெரம்பூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஏலத்தில் வந்த சரக்கு, ரசீது காட்டினார்கள். திருட்டுச் சாமானை நான் தொடமாட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வீட்டில் எல்லாரும் டி.வி.யில் படம் பார்க்கிறார்கள். நான் பின்கட்டில் அதற்கு ஒரு பிளக் மாட்டிச் சொருகினேன். உடம்பில் ஒட்டியிருந்த தகட்டைப் படிக்கவில்லை. ஒரு உறுமல், ஒரு நீலப் பொறி, கருகல் நாற்றம், வீடு முழுக்க இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து என் மனைவியின் குரல்: “என்னங்க, ரயில் கிளம்பிடுச்சா?”

டார்ச் அடித்துத் தகட்டைப் பார்த்தேன். 110 வோல்ட், டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். பெட்டிக்கு அடியில் இருக்கும் பேட்டரியில் ஓடுவதற்காகச் செய்தது. நான் கொடுத்ததோ 230 வோல்ட், ஏ.சி., திசை மாறி மாறி ஓடும் வீட்டு மின்சாரம். அப்புறம் கருகிய கம்பிச் சுருளை ரீவைண்டிங் செய்து, வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மரும், ஏ.சி.யை டி.சி. ஆக்க நான்கு டையோடும் வைத்து ஓட்டினேன். வாங்கிய விலையைப்போல மூன்று மடங்கு செலவு. இன்றைக்கும் ஓடுகிறது. சில நாள் நின்றுகொள்ளும், நானும் சீப்பை எடுப்பேன்.

சீப்புக்கு ஏன் பணிகிறது? டி.சி. ஃபேனுக்குள் கார்பன் பிரஷ் என்று ஒரு சின்னக் கரித்துண்டு உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும். அது தேய்ந்தாலோ, உரசும் இடத்தில் அழுக்குப் படிந்தாலோ தொடர்பு விட்டுப்போகும். தட்டினால் கொஞ்சம் நகர்ந்து நல்ல இடத்துக்கு வரும், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுச் சீலிங் ஃபேனையும் சிலர் ஒட்டடைக் குச்சியால் தள்ளிவிட்டு ஓட்டுகிறீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள். அங்கே வியாதி வேறு. பெரும்பாலும் கன்டென்சர் என்ற சின்ன மின்தேக்கி போயிருக்கும். சைக்கிளில் ஒரே ஒரு காலால் மிதிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெடல் உச்சியில் நின்றுவிட்டால் அழுத்தினாலும் சக்கரம் கிளம்பாது. இன்னொரு கால் வேண்டும், அதுவும் கொஞ்சம் முன்பின்னாக மிதிக்க வேண்டும். அந்த இன்னொரு காலை ஏற்பாடு செய்வது கன்டென்சர். அது இல்லாவிட்டால் ஃபேன் முனகிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் தள்ளுகிறீர்களோ அந்தப் பக்கம் ஓடும். மாற்றித் தள்ளினால் காற்று கூரைக்குப் போகும். கடையில் இரண்டரை எம்.எஃப்.டி., அதாவது மைக்ரோஃபாரட், என்று கேளுங்கள், ஃபேனில் எழுதியிருக்கும் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். நூறு ரூபாய்கூட ஆகாது. இதற்காக ஒரு நல்ல ஃபேனை எடைக்குப் போடாதீர்கள். போடுவதாக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

பழைய பெட்டி ரெகுலேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்றில் வைத்தால் கரண்ட் மிச்சம் என்று என் அம்மா நம்பினார். அதைத் தொட்டுப் பார்த்தால் சுடும். மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கேதான் சூடாகப் போய்க்கொண்டிருக்கிறது. பழைய சீலிங் ஃபேனே 75 வாட் கிட்டத்தட்ட இழுக்கும். கரித்துண்டு பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த இப்போதைய பி.எல்.டி.சி. ஃபேன் அதில் பாதிகூட இழுக்காது. இதை நான் மறைக்கவில்லை. படுக்கையறையில் எங்கள் வீட்டிலும் புதுசுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம். மண்ணெண்ணெய் விளக்குச் சூட்டில் ஓடும் விசிறியைப் பற்றிச் சொல்ல ஆசையாக வந்தேன். மின்சாரம் வராத ஊர் பங்களாக்களில் அது சுற்றியிருக்கிறது. அது இன்னொரு நாளைக்கு.

வாங்குகிறவர்களுக்கு வேகமாகச் சொல்கிறேன். முதலில் தகட்டைப் படியுங்கள். துணி சுற்றிய பழைய ஒயரை, நன்றாகத் தெரிந்தாலும், மாற்றிவிடுங்கள், உள்ளே ரப்பர் பொடிந்திருக்கும். உடம்பு இரும்பு, அதனால் எர்த்தோடு மூன்று பின் பிளக் கட்டாயம். பழைய கூண்டுக் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் கை முழுசாகப் போகும், உயரத்தில் வையுங்கள். டேபிள் ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. சீலிங் ஃபேனுக்கு எண்ணெய் ஊற்றாதீர்கள், அதில் பெரும்பாலும் இருப்பது குண்டு பேரிங், அதற்குக் கிரீஸ்தான், அதுவும் கழற்றி… சரி, சரி, முடித்துவிட்டேன். வணக்கம்.