டோனிஃபனை உயர்த்தியது வக்கீல் தொழிலே!

நடுவர் ஐயா அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் மிசூரி எல்லைப்புறத்தில் வாழ்ந்த அலெக்சாண்டர் டோனிஃபனின் வாழ்வில் ஓங்கி நிற்பவர் வழக்கறிஞரா, தளபதியா என்பது நம் தலைப்பு. வழக்கறிஞரே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா, அமெரிக்கா மெக்சிகோவோடு நடத்திய போரில் டோனிஃபன் படை நடத்தியதை அழகாகச் சொன்னார். 1846 டிசம்பர் 25 அன்று பிராசிட்டோவில் வெற்றி. 1847 பிப்ரவரியில் சக்ரமென்டோவில் வெற்றி, அதன்பின் சிவாவா நகரமே கைக்கு வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் அம்மா, அந்தப் போரில் அவர் கர்னல். ஜெனரலாக இருந்தது 1838-ல், மிசூரி மாநிலப் படையில். அந்த ஜெனரல் செய்த மிகப் பெரிய காரியம் எது தெரியுமா? மேலதிகாரியின் ஆணையை மறுத்தது!

மார்மன் என்ற புதிய மதப் பிரிவினரை ஒழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று ஆளுநர் பாக்ஸ் உத்தரவு போட்டிருந்த நேரம் அது. ஹான்ஸ் மில் என்ற குடியிருப்பில் 17 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அடுத்த இரண்டு நாளில் ஃபார் வெஸ்ட் ஊரில் மார்மன் தலைவர் ஜோசப் ஸ்மித்தும் தோழர்களும் பிடிபட்டிருக்கிறார்கள். படை அதிகாரிகளே கூடி மரண தண்டனை விதிக்கிறார்கள். காலை 9 மணிக்கு ஊர்ச் சதுக்கத்தில் வைத்துச் சுட வேண்டும் என்று டோனிஃபனுக்கு ஆணை வருகிறது, ஜெனரல் லூக்கஸிடமிருந்து.

அவர் எழுதிய பதிலைக் கேளுங்கள்: "இது பச்சைப் படுகொலை. உங்கள் ஆணைக்கு நான் கீழ்ப்படிய மாட்டேன். என் படை நாளை காலை 8 மணிக்கு லிபர்ட்டி ஊருக்குப் புறப்படும். இவர்களைக் கொன்றால், இவ்வுலக நீதிமன்றத்தின் முன் உங்களைப் பொறுப்பாளியாக நிறுத்துவேன்."

ஐயா, இது படைவீரன் பேசும் பேச்சா? நீதிமன்றத்தில் நிறுத்துவேன் என்பது வக்கீலின் குரல் அல்லவா? படையில் சேராத குடிமக்களை ராணுவ விசாரணையில் கொல்லச் சட்டத்தில் இடமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கையில் படை இருந்ததால்தானே அவர் பேச்சு எடுபட்டது என்பார்கள் எதிரணியினர். சரி, அந்தக் கூட்டத்தில் இருந்த மற்ற அதிகாரிகளிடம் படை இல்லையா? இருந்தும் பெரும்பாலோர் சுடத்தானே சொன்னார்கள்! லூக்கஸ் பின்வாங்கினார், அந்த உயிர்கள் பிழைத்தன.

அப்புறம் அதே ஸ்மித்துக்காக வழக்காடப் போனதும் இவர்தான். மார்மன்களுக்காகப் பேசினால் எல்லைப்புறத்தில் நல்ல பெயர் கிடைக்காது. ஆனாலும் 1833-ல் ஜாக்சன் மாவட்டத்திலிருந்து அவர்கள் விரட்டப்பட்ட நாளிலிருந்தே அவர்கள் பக்கம் வாதாடியவர் அவர். அவர் அடிமைகளை வைத்திருந்தவர் என்ற கறை உண்டு, அதை நான் மறைக்கப் போவதில்லை. நியாயம் அவருக்கு எல்லா இடத்திலும் கண்ணில் பட்டதில்லை.

போரிலும் பாருங்கள். நியூ மெக்சிகோவின் தலைநகர் சாண்டா ஃபே கைக்கு வந்ததும், அந்தப் பகுதிக்குச் சட்டம் எழுதும் வேலையை அமெரிக்கப் படைத் தலைவர் ஜெனரல் கியர்னி இவரிடம்தான் கொடுத்தார். படையில் சாதாரண வீரராக இருந்த வில்லர்ட் ஹால் என்ற இன்னொரு வக்கீலையும் சேர்த்துக்கொண்டு எழுதி முடித்தார். 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூளவிருந்த நேரத்தில் அவர் போனது போர்க்களத்துக்கு அல்ல, வாஷிங்டனில் கூடிய அமைதி மாநாட்டுக்கு.

கடைசியாக ஒரு வழக்கு. முன்னாள் ஆளுநர் பாக்ஸைச் சுட்டதாகப் போர்ட்டர் ராக்வெல் என்ற மார்மன் மீது சந்தேகம். மாதக்கணக்கில் சிறையில் கிடந்தார். 1843-ல் அவருக்காக நின்றவர் டோனிஃபன். சுட்டதற்குச் சாட்சியம் இல்லை, சிறையிலிருந்து தப்ப முயன்றதற்கு மட்டும் தண்டனை கிடைத்தது. எவ்வளவு? ஐந்து நிமிடம்! மார்மன் என்றாலே கொதித்த மிசூரியில் அப்படியொரு தீர்ப்பை எந்தப் பீரங்கி வாங்கித் தரும், நடுவர் ஐயா?