கிராணி லாரியில் ஏறமாட்டார்

வணக்கம், வணக்கம். என் பழைய மோரிஸ் மைனர் கார் கிராணியை ஓட்டிக்கொண்டு போர்ட்டிக்சன் போய்த் திரும்பிவிட்டோம். வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை, அதனால் பேசிவிடுகிறேன்.

பழைய கார் மன்றத்தின் சந்திப்பு. மன்றத்தின் பெயர் வேண்டாம், அடுத்த முறையும் நான் அங்கே போகவேண்டும். கடற்கரைத் திடலில் ஆஸ்டின், ஃபோர்டு ஆங்லியா, வண்டு ஃபோக்ஸ்வேகன், ஷா ஆலம் ஆலையில் பாகம் பூட்டிய பழைய வோல்வோ என்று வரிசையாக நிற்கின்றன. மோரிஸ் மைனர்களும் இருந்தன. அவற்றில் பாதி எப்படி வந்தன தெரியுமா? லாரி முதுகில்! போர்வை போர்த்திக்கொண்டு, கயிற்றில் கட்டுண்டு, சக்கரத்தில் ஒரு பொட்டு மண் ஒட்டாமல் இறங்கின. மைனர்களுக்கான பரிசும் அப்படி இறங்கிய ஒன்றுக்குத்தான் போனது. நடுவர் நம் கிராணியின் முன்பல்லில், அதாவது முகப்புக் கம்பியில், விரலை வைத்து, ஒட்டியிருந்த வயல் பூச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். பூச்சி ஓட்டிவந்ததற்கான அத்தாட்சி ஐயா! பரிசு கிடைக்காததில் எனக்கு வருத்தமே இல்லை. இல்லவே இல்லை. சரி, மேலே போவோம்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: கிராணியின் விவரம் இது. 1959 மோரிஸ் மைனர் 1000, எஞ்சின் 948 சிசி. எங்கள் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி, அதாவது எழுத்தர், ஒருவர் வைத்திருந்தது, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இந்த மைனர் முதன்முதலில் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது 1948 அக்டோபரில். அதே வருடம் ஜூன் 16ஆம் தேதி எங்கள் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, நாட்டில் அவசரகாலம் வந்தது. மாமா இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. போகும் வழியிலும் சொன்னார், தெலுக் இந்தான் வரைக்கும்.

வழியைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடுஞ்சாலையில் போகவில்லை. அங்கே வேக வரம்பு மணிக்கு 110. கிராணியின் வேகமானி இன்னும் மைலில்தான் பேசுகிறது, அதில் 50 மைல் தாண்டினால் எனக்கே மனது கேட்காது. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக், இன்றைய கார் மாதிரிச் சட்டென்று நிற்காது. பின்னால் விரைவு பஸ் வந்து முட்டுகிற மாதிரி நின்றால் யாருக்குப் பயமில்லை? ஆகவே ஒன்றாம் எண் பழைய சாலையில் ஈப்போ, கம்பார், தாப்பா தாண்டி பீடோர். அங்கிருந்து லங்காப் வழியாகத் தெலுக் இந்தான். அப்புறம் ஐந்தாம் எண் கடலோரச் சாலை. மேடு கிடையாது, வளைவு குறைவு, இருபுறமும் செம்பனை, தென்னை, நெல்வயல். முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். பொழுது விடிந்த பிறகுதான் கிளம்பினோம். இந்தக் காரில் மின்சாரம் தருவது பழைய டைனமோ. முன்விளக்கு, வைப்பர் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு மெதுவாக ஊர்ந்தால் பேட்டரி காலியாகிவிடும்.

பீடோரில் பசியாறினோம். தெலுக் இந்தானில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தின் முன்னால் படம் எடுத்தோம். கோபுரம் சாய்ந்திருக்கிறதா, காமிரா சாய்ந்திருக்கிறதா என்று பின்னூட்டத்தில் சண்டை வேண்டாம்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயம். இதோ பாருங்கள், கதவுக்குப் பின்னால் உள்ள தூணில் ஒரு நீளப் பொந்து. இதற்குள்தான் திரும்பும் பக்கத்தைக் காட்டும் சைகைக் கை படுத்திருக்கிறது. பிரிட்டனில் விற்ற மைனருக்குக் கண்சிமிட்டும் விளக்கு 1961இன் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் வந்ததெல்லாம் இந்தக் கைதான். சுவிட்சைத் திருப்பினால் மின்காந்தம் இழுக்கும், ஆரஞ்சுக் கை நிமிர்ந்து வெளியே நீளும், உள்ளே குட்டி விளக்கு எரியும். அணைத்தால் தன் எடையிலேயே விழும். எவ்வளவு அழகான வேலை! கிளம்புவதற்கு முந்தின வாரம் இடக்கை எழும்பவே இல்லை. பழைய சாமான் விற்கும் ஒரு தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், கேட்டேன். ஒரு கை 340 வெள்ளி, அதாவது ரிங்கிட், என்கிறார். உள்ளங்கையில் அடங்குகிற சாமானுக்கு 340 வெள்ளி! ஆயிரம் சிசிக்குள் இருப்பதால் கிராணிக்கு வருடச் சாலை வரியே 20 வெள்ளிதான். கணக்குப் போடுங்கள், பதினேழு வருடச் சாலை வரியை ஒரு கைக்குக் கொடுக்கச் சொல்கிறார். ஜோடியாக எடுத்தால் குறைப்பாராம். வலக்கை நன்றாக இருக்கிறதே, எனக்கு எதற்கு ஜோடி? தேநீர் வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், விலை இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கையைக் கழற்றினேன். அச்சாணியில் பழைய கிரீஸ் காய்ந்து பிசினாக இறுகியிருந்தது. பெட்ரோலில் துடைத்து, அம்மாவின் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். டக்கென்று எழுந்தது! செலவு என்று சொன்னால் அம்மாவிடம் வாங்கிய திட்டு மட்டும். எழுப்பி இறக்கி, எழுப்பி இறக்கி, பேட்டரி சோர்ந்துபோகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். சாலையில்தான் யாருக்கும் இதன் பொருள் தெரிவதில்லை. கை நீட்டினால் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து, "அக்கா, காரில் ஏதோ உடைந்து தொங்குகிறது" என்கிறார். அதனால் என் சொந்தக் கையையும் ஜன்னல் வழியாக நீட்டித்தான் திரும்பினேன்.

ஆ, பெட்ரோலை விட்டுவிட்டேன். ரோன் 95தான் போட்டேன், மைகார்டு என்கிற அடையாள அட்டையைக் காட்டி லிட்டர் 1 வெள்ளி 99 காசு. ஈயம் இல்லாத பெட்ரோலால் வால்வு இருக்கை தேய்ந்துவிடாதா என்று வழக்கமாகக் கேட்கிறவர் இன்றும் கேட்பார். சிலிண்டர் தலையைக் கழற்றியபோதே கெட்டி இருக்கை போட்டாகிவிட்டது, அந்த வீடியோவைப் பாருங்கள்.

அப்புறம் சுங்கை பெசார் தாண்டி, செகிஞ்சான் வருவதற்குள் கிராணி நின்றுவிட்டார். நடு வயல், உச்சி வெயில், நிழலுக்கு ஒரு மரம் இல்லை. சாவியைத் திருப்பிக் காதைக் கொடுத்தேன். மின்சாரத்தில் ஓடும் எஸ்யூ பெட்ரோல் பம்பு டக் டக் என்று அடிக்கவேண்டும், கார்புரேட்டர் நிரம்பியதும் அடங்கவேண்டும். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். உண்மையாகத்தான் சொல்கிறேன்: நோய் எது என்று தெரிந்துவிட்டது அல்லவா! ஸ்பேனர் பிடியால் பம்பைத் தட்டினேன், நாலு அடி அடித்துவிட்டு மறுபடியும் மௌனம். உள்ளே இருக்கும் தொடுமுனை கருகினால் இப்படித்தான். மூடியைக் கழற்றினேன், உப்புத்தாள் கொண்டுவரவில்லை. முன்பெட்டியில் மாமா வைத்திருந்த கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. நல்ல கெட்டித் தாள். ஓரத்தைக் கிழித்து முனைகளுக்கு நடுவில் விட்டு இழுத்தேன், கறுப்பு மை போல வந்தது. கல்யாணம் முடிந்துவிட்டதா என்று கேட்காதீர்கள், மாமா இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

இதற்கு நடுவில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அண்ணன் ஒருவர், தன் பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஜம்பர் வயரோடு ஓடிவந்தார். நல்ல மனிதர், ஆனால் நான் பாய்ந்து தடுத்தேன். இந்தக் காரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் கார் உடம்போடு சேர்ந்திருக்கும், இப்போதைய வண்டிகளுக்கு நேர் எதிர். வழக்கம்போல மாட்டினால் புகைதான். மூடியை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டக் டக் டக் டக். அண்ணன் கைதட்டினார். "லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விடலாமே தங்கச்சி" என்று அவரும் சொன்னார் பாருங்கள், அதுதான் தாங்கவில்லை! சுங்கை சிப்புட்டிலிருந்து போர்ட்டிக்சனுக்கு லாரிக்காரர்கள் கேட்டது 900 வெள்ளி. அந்தக் காசில் தவுக்கேயிடம் இரண்டு கையும் வாங்கி மிச்சத்தில் மீன் தலைக்கறி சாப்பிடலாம்.

காப்பாரிலிருந்து கிள்ளான் வரை நெரிசல், அதைச் சொல்லி உங்களையும் வேகவைக்கவேண்டாம். பந்திங்கில் வாழையிலைச் சாப்பாடு, ரசம் பிரமாதம், அப்பளம் நமுத்திருந்தது. அப்புறம் சுங்கை பீலேக், லுக்குட், கடற்காற்று.

வலக்கையின் ஆரஞ்சு உறையில் இப்போது ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. கொஞ்சம் கிட்டக் காட்டுகிறேன், தெரிகிறதா? யார் வீட்டுக் கொட்டகையிலாவது பழைய மைனர் கிடந்தால் கீழே எழுதுங்கள். விலையை மட்டும் நான் சொல்கிறேன், நீங்கள் சொல்லாதீர்கள்.