கருப்புத் திரையில் ஒரு மளிகைக் கடை

வணக்கம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து பேசுகிறேன். பின்னால் மாவு மில் ஓடுகிறது, சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்னக் கடை கட்டப்போகிறோம். பொத்தான் இல்லை, படம் இல்லை, கருப்புத் திரையில் எழுத்து மட்டும்தான். பொருளைச் சொன்னால் கூடையில் சேர வேண்டும், முடித்தால் பில் வர வேண்டும்.

மாறிகளுக்கு, அதாவது மதிப்புகளைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு, தமிழிலேயே பெயர் வைக்கிறேன். பைத்தான் 3 அதை மறுக்காது. முதலில் ‘விலைப்பட்டியல்’ என்று ஒரு டிக்‌ஷனரி. ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு எதிரே வைத்ததை எடுத்துத் தரும் அட்டவணை அது. 1 நாட்டுச்சர்க்கரை, 2 மஞ்சள் தூள், 3 வெண்ணெய். இதெல்லாம் இல்லாமல் நம் பக்கத்தில் என்ன கடை? விலை எல்லாம் என் கற்பனை, ஊத்துக்குளிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். அடுத்து ‘கூடை’ என்று இன்னொரு டிக்‌ஷனரி. அது காலியாகத் தொடங்கும்.

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். கூடைக்குள் பெயரையும் விலையையும் திணிக்காதீர்கள். பொருளின் எண், எடை, இரண்டு போதும். ஏன் என்று கேட்டால், ஒரு மளிகைக் கடையில் கால் மணி நேரம் நின்று பாருங்கள். அம்மாயி ஒருவர் வருவார். கால் கிலோ நாட்டுச்சர்க்கரை கேட்பார், வெண்ணெய் கேட்பார். பில் போடும்போது, “சர்க்கரை இன்னும் அரைக் கிலோ சேர்த்துப் போடு கண்ணு, வெண்ணெய் வேண்டாம், எடுத்துவிடு” என்பார். கூடையை ஒரு நீளப் பட்டியலாக வைத்திருந்தால் சர்க்கரை இரண்டு வரியாக வந்து நிற்கும், வெண்ணெயைத் தேடி அலைய வேண்டும். டிக்‌ஷனரி என்றால் எண் 1-க்கு எதிரே 250 கிராம் இருக்கிறது, அதோடு 500 சேர்ந்து 750. எண் 3-ஐ நீக்கினால் வேலை முடிந்தது. விலை பட்டியலில் மட்டும் இருப்பதால், அதை மாற்றினால் பில் தானாக மாறும். இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தட்டச்சு வேலைதான்.

இப்போது எடையைக் கேட்போம். இன்புட் என்ற செயற்கூறு எதைக் கொடுத்தாலும் எழுத்தாகவே வாங்கிக்கொள்ளும். இதோ, 250 என்று அடிக்கிறேன். அதை அப்படியே 70-ஆல் பெருக்குகிறேன். திரையைப் பாருங்கள்: 250250250 என்று எழுபது முறை! பைத்தான் கணக்குப் போடவில்லை, எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுதிவிட்டது. அதனால் ‘இன்ட்’ போட்டு எண்ணாக மாற்றுகிறோம். ஒரு வேடிக்கை, ௨௫௦ என்று தமிழ் எண்ணில் அடித்தாலும் ‘இன்ட்’ அதை 250 என்றே எடுத்துக்கொள்ளும். ஆனால் ‘கால் கிலோ’ என்று அடித்தால் பிழை காட்டி நின்றுவிடும். பிழை வந்தாலும் நிரல் நின்றுவிடாமல் பிடித்துக்கொள்ளும் ட்ரை, எக்ஸெப்ட் போட்டு, சரியான எண் வரும்வரை திரும்பக் கேளுங்கள். பூஜ்யத்துக்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ஒருவர் –500 என்று அடித்துவிட்டு உங்களிடமே காசு கேட்பார்.

அடுத்தது காசு. தசம எண்ணில் கணக்குப் போடாதீர்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. பணத்தைப் பைசாவாகவும் எடையைக் கிராமாகவும் முழு எண்ணில் வையுங்கள். நாட்டுச்சர்க்கரை கிலோ 70 ரூபாய் என்றால் 7000 பைசா. அதை 250-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 1750 பைசா, அதாவது 17 ரூபாய் 50 பைசா.

அந்த 50 பைசாவை என்ன செய்வது? 25 பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாமல் போயின. 50 பைசா சட்டப்படி செல்லும், ஆனால் கடையில் நீட்டிப் பாருங்கள், தெரியும். ஆகவே முழு ரூபாயாக்க வேண்டும். ‘ரவுண்ட்’ இருக்கிறதே என்பீர்கள். 17.5-க்கு 18 தருகிறது, சரி. 16.5-க்கு 16 தருகிறது! சரிபாதியாக வந்தால் பக்கத்திலுள்ள இரட்டை எண்ணுக்குப் போவது அதன் வழக்கம். நம் கடைக்காரர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். மொத்தப் பைசாவோடு 50-ஐக் கூட்டி, 100-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள். 1650 பைசா 17 ரூபாயாகும், 1750 பைசா 18 ரூபாயாகும்.

கடைசியாக பில். பெயர், எடை, விலை என்று வரிசையாக அச்சிட்டால் வரிகள் கோணல்மாணலாக நிற்கின்றன, பார்த்தீர்களா? ‘வெண்ணெய்’ நமக்கு நான்கு எழுத்து. நீளத்தை எண்ணிச் சொல்லும் பைத்தானின் ‘லென்’ அதை எட்டு என்கிறது, ஏனென்றால் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. அதனால் இடைவெளிக் கணக்கு தப்பிப்போகிறது. இதற்கென்று தனி நூலகம், அதாவது பிறர் எழுதி வைத்த நிரல் தொகுப்பு, தேடிப் போக வேண்டாம். விலையை முதலில், எடையை அடுத்து, பெயரைக் கடைசியில் அச்சிடுங்கள். எண்கள் நேராக நிற்கும், பெயர் எங்கே முடிந்தால் என்ன?

நிரலை மூடினால் கூடை காலியாகிவிடும். அதை ஜேசன் என்ற எழுத்து வடிவக் கோப்பில் சேமிப்பதை அடுத்த காணொளியில் பார்ப்போம். அதற்குள் ஒன்று செய்து வையுங்கள்: அம்மாயி முக்கால் கிலோ சர்க்கரையில் கால் கிலோவை மட்டும் திருப்பித் தருகிறார், உங்கள் நிரல் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.