ரெட்டைப் போட்டால் ஃபாலோ போடணும்

நடுவர் ஐயா, எதிரணி, கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெரியவர்கள், பின்வரிசையில் சுண்டல் சாப்பிடும் தம்பிகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். நேரம் கம்மி.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். திறந்த உலக வீடியோ கேமில், அதாவது இஷ்டப்படி ஊர் சுற்றவிடும் கேமில், சுவை எங்கே இருக்கிறது? நினைத்ததைச் செய்யும் சுதந்திரத்திலா, செய்ததற்கு வரும் விளைவிலா? நான் விளைவு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் சுதந்திரம். நன்றாகத்தான் பேசினார். பேசிவிட்டுப் போகிறபோக்கில் ஒன்று வீசினார் பாருங்கள்: "கேமில்கூட விளைவு கேட்கிறவர்கள், ஹெல்மெட் போட்டுக்கொண்டு கேரம் ஆடுகிறவர்கள்!" நீங்கள் சிரித்தீர்கள். நடுவரும் சிரித்தார், நான் பார்த்தேன்.

சரி, கேரமுக்கே வருகிறேன். அண்ணன் கேரம் ஆடியிருக்கிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். ரெட்டைப் போட்டால் அடுத்து என்ன போடணும்? ஃபாலோ, அதாவது கூடவே நம் காய் ஒன்று! சுண்டல் தம்பிக்குத் தெரிகிறது, அண்ணனுக்குத் தெரியவில்லை. ஃபாலோ விழவில்லையா, ரெட் திரும்பவும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனால், போட்ட காயை எடுத்து வெளியே வைக்கணும். "அதெல்லாம் முடியாது, எனக்குச் சுதந்திரம் இருக்கு" என்று திருப்பாதிரிப்புலியூரில் எந்தக் கேரம் போர்டு முன்னாலாவது சொல்லிப் பாருங்கள், மறுநாள் உங்களைச் சேர்க்கமாட்டார்கள். ஃபாலோ என்று ஒன்று இருப்பதால்தானே ரெட்டைக் குறிபார்க்கும்போது விரல் நடுங்குகிறது? அது இல்லையென்றால் ரெட்டும் இன்னொரு காய், கலர்தான் வேறு. அப்புறம் அந்த ஹெல்மெட். என்ன செய்தாலும் எனக்கு அடிபடக்கூடாது என்று கேட்கிறவர் நானா, அவரா? அண்ணே, ஹெல்மெட் உங்கள் தலையில்தான் இருக்கிறது. ஆடும்போது தெரியாது, கழற்றினால்தான் தெரியும்.

2004இல் வந்த 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' பற்றி அண்ணன் உருகினார். யாரையாவது அடித்தால் போலீஸ் நம்மைத் தேடுகிற ஸ்டார் ஏறும், ஆறு ஸ்டார் வரைக்கும் ஏறும். அப்புறம்? காரைப் பெயின்ட் கடைக்குள் விட்டால் வேறு கலரில் வெளியே வரும், போலீஸ் விட்டுவிடும். இதோ பக்கத்தில்தான் புதுச்சேரி. சிக்னலைத் தாண்டிவிட்டு, சிவப்புத் தொப்பிக்காரர் முன்னால் போய் "பெயின்ட் அடிச்சிட்டேன் சார்" என்று சொல்லிப் பாருங்களேன்!

இப்போது என் அக்கா மகன் கதை. அவன் ஆடுவது 2018இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. அதில் உங்களுக்கென்று ஒரு குதிரை. தீனி போடலாம், தடவிக்கொடுக்கலாம், அழுக்குப் போகத் தேய்த்துவிடலாம், பெயர் வைக்கலாம். பழகப் பழகச் சொன்னபடி கேட்கும். ஆனால் செத்தால் செத்ததுதான். உயிர் போகும் நேரத்தில் கொடுத்துக் காப்பாற்ற ஒரு மருந்து கடையில் விற்கிறது. நம் ஆள் வாங்கவில்லை. காசெல்லாம் தொப்பி வாங்கியே தீர்ந்துவிட்டது. குதிரைக்கு ராஜா என்று பெயர். ஒருநாள் குறுக்கு வழி என்று தண்டவாளத்தில் ஏற்றியிருக்கிறான். எதிரே ரயில்.

பையன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். சோறு வேண்டாம் என்றான். என் அம்மா, அவனுக்கு ஆயா, பக்கத்தில் வந்தார்.

"ஏண்டா ஒரு மாதிரி இருக்க?"

"ராஜா செத்துட்டான் ஆயா."

"ஐயையோ! எப்படிடா?"

"ட்ரெயின்ல அடிபட்டு."

ராஜா இல்லாத சொந்தம் தமிழ்நாட்டில் உண்டா? எங்களுக்கும் ஒரு ராஜா மாமா, நெல்லிக்குப்பத்தில். வீடு எங்கே? ரயில்வே கேட் ஓரம்! அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. விருத்தாசலத்துக்கு போன், சிதம்பரத்துக்கு போன், சென்னைக்கு போன். சிதம்பரம் பெரியம்மா கேட்கிறார், "எப்ப எடுக்கிறாங்க?" அம்மா போனைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்து, "டேய், எப்படா எடுக்கிறாங்க?" பையன் சொல்கிறான், "எடுக்கல்லாம் மாட்டாங்க ஆயா. அங்கேயேதான் கிடக்கான். நான் சேணத்தை மட்டும் கழட்டிக்கிட்டு வந்துட்டேன்."

அம்மாவுக்குக் கொஞ்சம் காது மந்தம். சேணம் என்றது செயின் என்று விழுந்திருக்கிறது. "அடப்பாவி! செத்தவன் செயினையாடா கழட்டிக்கிட்டு வந்த!"

அதற்குள் பெரியப்பா ஆளுயர மாலையோடு நெல்லிக்குப்பத்தில் போய் இறங்கிவிட்டார். கதவைத் திறந்தது யார்? ராஜா மாமா, கையில் காபி டம்ளரோடு. மாலையைப் பார்த்தார். "அறுபதாம் கல்யாணம் அடுத்த வருஷம்ல, அதுக்குள்ள என்ன அவசரம்?"

சிரிப்பு இருக்கட்டும். இதே பையன் ஜிடிஏவில் எத்தனை காரை எரித்திருப்பான்? ஒன்றுக்காவது சோறு வேண்டாம் என்றானா? எப்படிச் சொல்வான், அடுத்த கார் அடுத்த தெருவில் நிற்கிறதே!

நடுவருக்காக ஒரு பாயின்ட்டும் வைத்துவிடுகிறேன், இல்லையென்றால் மார்க் குறைப்பார். 2002இல் வந்த 'மாரோவிண்ட்' கேமில் கதைக்கு முக்கியமான ஆளையே நீங்கள் கொன்றுவிடலாம். கொன்றால், கதையின் இழை அறுந்துவிட்டது, பழைய சேவுக்கு, அதாவது முன்னால் பதிந்துவைத்த இடத்துக்குப் போ, இல்லையென்றால் நீ கெடுத்த உலகத்திலேயே இரு என்று சொல்லிவிடும். அதே வரிசையில் 2011இல் 'ஸ்கைரிம்' வந்தது. அதில் முக்கியமான ஆளை வெட்டினால் முட்டிபோட்டு உட்காருவார், கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்பார். கெடுதல் வரக்கூடாது என்று வெட்டுகிற உரிமையையே எடுத்துவிட்டார்கள். விளைவு போன வீட்டில் அண்ணனுடைய சுதந்திரமும் கூடவே போய்விட்டது.

அக்கா மகனிடம் நான் கேட்டேன்: "பழைய சேவ் இருக்குமேடா, லோட் பண்ணு, ராஜா வந்துடும்." "வேணாம் மாமா" என்றான். அவ்வளவுதான். வேறு குதிரை வாங்கி, முதல் வேலையாக அந்த மருந்தை வாங்கிப் பையில் வைத்தான்.

அவன் யார் மகன் தெரியுமா? எங்கள் அத்தானுக்குப் பண்ருட்டிப் பக்கம் தோப்பு. 2011 டிசம்பர் 30, தானே புயல். இந்த ஊரில் யாருக்கும் அதை விளக்கவேண்டியதில்லை. காற்று அடங்கிப் போய்ப் பார்த்தால் முந்திரி மொத்தமும் படுத்துக் கிடந்தது. அத்தானுடைய அப்பா வைத்த பலா வேரோடு சாய்ந்திருந்தது. அத்தான் கயிறு கட்டி, நாலு பேரைக் கூப்பிட்டு அதை இழுத்து நிறுத்தப் பார்த்தார். நிற்காது என்று அவருக்குத் தெரியும், இழுத்த நாலு பேருக்கும் தெரியும். சின்னப் பையனாக இவன் அந்த அடிமரத்தின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எந்தச் சேவை லோட் பண்ணுவது, சொல்லுங்கள்? அந்தக் குழிக்குப் பக்கத்திலேயே அத்தான் ஒரு கன்று வைத்தார். அவர் வீட்டுக்குப் போனால் இன்றைக்கும் முதலில் அதைத்தான் கூட்டிப்போய்க் காட்டுவார்.

புயல் யார் செய்த செயலுக்கு விளைவு என்று அண்ணன் எழுந்து கேட்பார். கேட்கட்டும், அவருக்கு அந்தச் சுதந்திரம் இருக்கிறது. நீங்கள் என் அத்தானைப் பாருங்கள், அதோ இரண்டாவது வரிசை, வெள்ளைச் சட்டை, பக்கத்தில் அவர் மகன். நடுவர் ஐயா, அந்தப் பலாவுக்காக, ராஜாவுக்காக, தீர்ப்பை எங்களுக்குக் கொடுங்கள். வணக்கம்.