வாஷிங் மெஷினை உடைச்சு சிப் எடுத்த கம்பெனி! 2021 சிப் பஞ்சம் ஏன் வந்துச்சு?

ஒரு பெரிய தொழில் நிறுவனம் வாஷிங் மெஷின் வாங்குது. துவைக்க இல்ல. பிரிச்சு, உள்ள இருக்கிற போர்டுல இருந்து சிப்பைக் கழட்டி, தங்களோட தயாரிப்புல பொருத்துறதுக்கு! கட்டுக்கதை இல்லைங்க. சிப் செய்யற மெஷினையே செய்யற ஏஎஸ்எம்எல் நிறுவனத்தோட அப்போதைய தலைவர் பீட்டர் வென்னிங்க், 2022 ஏப்ரல்ல சொன்னது. எந்த கம்பெனின்னு மட்டும் அவர் சொல்லல.

வணக்கம் மக்களே! சில டாலர் விலையுள்ள ஒரு சிப் எப்படி கார் ஃபேக்டரியையே நிறுத்துச்சுன்னு இன்னிக்குப் பார்ப்போம்.

பின்னணியை வேகமா முடிச்சிடறேன். 2020 கோவிட் நேரம், இனி கார் விக்காதுன்னு கார் கம்பெனிங்க சிப் ஆர்டரைக் குறைச்சாங்க. லேப்டாப், டிவி, கேம் கன்சோல் செய்யறவங்க அந்த இடத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. வருஷக் கடைசியில கார் விற்பனை எழுந்துச்சு. திரும்பி வந்து கேட்டா, ஃபேப்ல, அதாவது சிப் செய்யற ஃபேக்டரியில, இடமே இல்ல.

சரி, கூடுதலா நாலு சிப் செஞ்சு கொடுக்க வேண்டியதுதானே? இங்கதான் விஷயமே இருக்கு.

(திரையில்: வேஃபர், அடுக்கடுக்காக)

சிப் எல்லாம் உருவாகிற வட்டமான சிலிக்கான் தகடுதான் வேஃபர். அது மேல முதல்ல ஒரு மெல்லிய படலம். அதுக்கு மேல ஃபோட்டோரெசிஸ்ட்னு ஒளி பட்டா மாறுற பூச்சு. டிசைன் வரைஞ்ச மாஸ்க் வழியா ஒளி பாய்ச்சி, டெவலப் பண்ணி, வேண்டாத இடத்தை எட்ச் பண்ணி எடுத்து, கழுவி, அளந்து பார்க்கணும். இவ்வளவும் சேர்ந்து ஒரு லேயர்! கார்ல போற மைக்ரோகன்ட்ரோலருக்கு, அதாவது பாகங்களைக் கட்டுப்படுத்துற குட்டிக் கம்ப்யூட்டர் சிப்புக்கு, இப்படி 30, 40 லேயர் வரும். லேயருக்கு ஒரு நாள், ஒன்றரை நாள்னு வைங்க. வேஃபர் முடியவே ரெண்டு மாசம் ஆகுது. அப்புறம் தனித்தனி சிப்பா வெட்டி, கால் வச்ச கூட்டுக்குள்ள பேக்கேஜ் பண்ணி, டெஸ்ட் பண்ணணும். மொத்தம் மூணு, நாலு மாசம்.

யோசிச்சுப் பாருங்க, இது அப்படியே குறுவை நெல்லு! பந்தியில ஆள் கூடிட்டா சாம்பாரைக் கொஞ்சம் நீட்டிக்கலாம். நாத்து நட்ட வயலைப் பார்த்து "நாளைக்கே கதிர் விடு"ன்னு சொல்ல முடியுமா? ஆடியில உழாதவன் ஐப்பசியில வந்து நெல்லு கேட்ட கதைதான் கார் கம்பெனிங்க கதை.

இன்னும் பயிர் பண்ண நிலமாவது இருந்துச்சா? அதுவும் இல்ல. கார் சிப்ல பெரும்பகுதி 40 நானோமீட்டர், இல்லேன்னா அதைவிடப் பழைய டெக்னாலஜி (இந்த எண் பெருசானா டெக்னாலஜி பழசு). இதுல நிறைய 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள வேஃபர்ல ஓடுது. அந்த வேஃபரோட பரப்பு சுமார் 31,400 சதுர மில்லிமீட்டர். 300 மில்லிமீட்டர் வேஃபர்னா 70,700, அதாவது ரெண்டேகால் மடங்கு. அதனால மெஷின் செய்யறவங்க கவனமெல்லாம் எப்பவோ பெரிய வேஃபருக்குப் போயிடுச்சு. 200 மில்லிமீட்டர் மெஷின் வேணும்னா பழசைத் தேடி அலையணும். புது ஃபேப் கட்டலாம், ரெண்டு மூணு வருஷம் ஆகும். அவ்வளவு கோடியைக் கொட்டி, விலை மலிவான பழைய சிப்பைச் செய்ய யாருக்கு மனசு வரும்?

போதாததுக்கு விபத்துங்க. 2020 அக்டோபர்ல ஜப்பான்ல ஏகேஎம் ஃபேக்டரி எரிஞ்சுது. ஆடியோ சிப் போச்சு. 2021 பிப்ரவரியில டெக்சாஸ் உறைபனியில கரன்ட் நின்னு சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியான்னு மூணு கம்பெனியோட சிப் ஃபேக்டரியும் படுத்துச்சு. மார்ச் 19 அன்னிக்கு, கார் சிப் செய்யற ஜப்பான் கம்பெனி ரெனேசாஸோட நாகா ஃபேக்டரியில தீ. தைவான்ல வறட்சி, சிப் ஃபேக்டரிக்கு லாரியில தண்ணி. அப்புறம் பேக்கேஜிங் நடக்கிற மலேசியாவுல லாக்டவுன்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் டொயோட்டா. "தேவைப்படும்போது மட்டும் வாங்கு"ன்னு உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி. ஆனா 2011 நிலநடுக்கத்துல இதே நாகா ஃபேக்டரி அடிபட்டப்போ சூடுபட்டவங்க, சப்ளையர்களை ரெண்டு மாசத்துல இருந்து ஆறு மாசத்துக்கான சிப் கையிருப்பு வைக்கச் சொன்னாங்க. மத்தவங்க தவிச்ச 2021 தொடக்கத்துல டொயோட்டா ஓடிக்கிட்டிருந்துச்சு! அந்தக் கையிருப்பும் தீர்ந்து, செப்டம்பர்ல உலக உற்பத்தித் திட்டத்துல 40% குறைச்சாங்க. அதே மாசம் மாருதி, வழக்கமான உற்பத்தியில 40% அளவுதான் வரும்னு அறிவிச்சுது. பெஜோ 308 காருக்கு டிஜிட்டல் மீட்டரை எடுத்துட்டு முள் மீட்டர் வச்சாங்க. அந்த வருஷம் உலகம் முழுக்க 77 லட்சம் வண்டி உற்பத்தி குறையும்னு அலிக்ஸ்பார்ட்னர்ஸ்ங்கிற ஆலோசனை நிறுவனம் கணிச்சுது.

பீதியும் சேர்ந்துச்சு. 100 சிப் தேவைப்பட்டவங்க மூணு இடத்துல நூறு நூறா ஆர்டர் போட்டாங்க. உண்மையான தேவை யாருக்கும் தெரியல. என்னைக் கேட்டா, பஞ்சத்தை இவ்வளவு நீட்டினதுல இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

போர்டு டிசைன் பண்றவங்களுக்கு இந்தக் கடைசிப் பகுதி. எஸ்டிஎம்32எஃப்103ங்கிற மைக்ரோகன்ட்ரோலர் கிடைக்காம பலபேர் அதுக்கு மாற்றான ஜிடி32எஃப்103 மாட்டினாங்க. 48 கால் பேக்கேஜ், காலுக்குக் கால் பொருந்தும். ஆனா ஜிடி சிப், ஃப்ளாஷ் மெமரியில இருந்து காத்திருக்காம கோடை ஓட்டுறதால, வெறும் லூப் வச்சு டிலே எழுதியிருந்தா அது சீக்கிரம் முடிஞ்சிடும். டிலே போதாம எல்சிடி டிஸ்ப்ளே எழுந்திருக்காம போகலாம். அதனால டிலேக்கு ஹார்ட்வேர் டைமர் வைங்க. ரெகுலேட்டர் மாதிரி பாகங்களுக்கு போர்டுலயே ரெண்டு பேக்கேஜுக்கும் இடம் விடுங்க. புரோக்கர்கிட்ட வாங்கினா முதல்ல அசிட்டோன் தொட்ட பஞ்சால மேல்பக்கம் துடைங்க. கறுப்பு ஒட்டிக்கிட்டு வந்தா பழைய சிப்புக்குப் புதுப் பேர் அடிச்சிருக்காங்கன்னு சந்தேகப்படணும். துடைச்சும் மாறலேன்னா, அதை மட்டும் நம்பிடாதீங்க. லேசர்ல பேர் பொறிச்ச போலியும் உண்டு. ஒரு பீஸை மாட்டி டீபக்கர்ல ஐடி கோடு படிச்சுட்டு மிச்சத்தை ஏத்துங்க.

எந்த பாகம் கிடைக்காம உங்க போர்டு நின்னுச்சு, பதிலுக்கு எதை மாட்டினீங்கன்னு பார்ட் நம்பரோட கமென்ட்ல எழுதுங்க. அடுத்து தேடி வர்றவங்களுக்கு உதவும்.