தானே புயலும் நான்கு நாவல்களும்

(கடலூரில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்கள் எப்படி வாழ்வார்கள் என்று சொல்லும் நாவல்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதைகள் சட்டென்று பிடிபடும். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் மோட்டார் ஓடாததால், யாரும் சீண்டாமல் கிடந்த அடிபம்பு முன்னால் குடங்கள் வரிசை கட்டின. அதற்கு வாஷர் மாற்றத் தெரிந்தவர் ஒரே ஒரு பெரியவர்தான். அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்தப் பெரியவரை நினைத்துக்கொண்டு ஜார்ஜ் ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' நாவலைப் படியுங்கள். 1949இல் வந்தது. மலையில் பாம்பு கடித்துக் கிடந்த இஷ் என்ற இளைஞன் இறங்கி வருகிறான். கொள்ளைநோய் கிட்டத்தட்ட எல்லோரையும் கொண்டுபோயிருக்கிறது. சண்டை, சாகசம் அதிகம் இல்லை. விளக்குகள் உடனே அணைவதில்லை, கொஞ்ச காலம் எரிந்துவிட்டுத்தான் மங்குகின்றன. குழாயில் பல வருஷம் தண்ணீர் வருகிறது, அப்புறம் ஒருநாள் நின்றுவிடுகிறது. பல்கலைக்கழக நூலகத்தை இஷ் பொக்கிஷமாகக் காக்கிறான். ஆனால் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமே இல்லை. கடைசியில் அவர்களுக்கு வில் செய்யக் கற்றுக்கொடுக்கிறான், அதுவும் விளையாட்டுச் சாமானாக. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

வால்டர் மில்லரின் 'எ கேன்டிகில் ஃபார் லீபோவிட்ஸ்' இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. அணுப்போருக்குப் பின் மக்கள் புத்தகங்களைக் கொளுத்துகிறார்கள். துறவிகள் ஒளித்துக் காப்பாற்றுகிறார்கள். ஒரு துறவி பழைய மின்சுற்று வரைபடம் ஒன்றை, அது எதற்கென்றே தெரியாமல், வருஷக்கணக்கில் தங்கப்பூச்சோடு படியெடுக்கிறார். புரியாத ஏட்டையும் எழுத்து பிசகாமல் பெயர்த்து எழுதியவர்கள் நம்மிடமும் இருந்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மோண்டே கசினோ மடாலயத்தின் மீது குண்டு போட்ட விமானப் படையில் மில்லரும் இருந்தவர். அந்தப் பாரம் நாவல் முழுக்கத் தெரிகிறது.

நெவில் ஷூட்டின் 'ஆன் தி பீச்' நல்ல நாவல்தான். ஆனால் அதில் மெல்போர்ன் மக்கள் அணுப்போரின் கதிர்வீச்சு வந்து சேரும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள், தப்ப வழியே இல்லை. சுனாமியில் வீட்டு ஆளைப் பறிகொடுத்தவர்கள் இங்கே இருப்பீர்கள். உங்கள் கையில் அதை நான் கொடுக்க மாட்டேன்.

ஆங்கிலம் பழகிவரும் பிள்ளைகளுக்கு பேட் ஃப்ராங்கின் 'அலாஸ், பாபிலோன்' எளிது. 1959இல் வந்தது. அணுப்போருக்குப் பின் ஃப்ளோரிடாவின் சின்ன ஊரில் இன்சுலின் தீர்கிறது, அப்புறம் உப்பு தீர்கிறது. மரக்காணம் உப்பளத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு, உப்புக்காக ஓர் ஊரே அலைவது புதுசாக இருக்கும். அந்த ஊர் நூலகத்துக்கும் அப்போதுதான் கூட்டம் வருகிறது.

சரி, 'எர்த் அபைட்ஸ்' என் பிரதி இந்த மேசையில் இருக்கிறது. முதலில் கேட்பவர் எடுத்துக்கொள்ளலாம். எனக்குத் திருப்பித் தர வேண்டாம், முடித்ததும் அடுத்தவரிடம் கொடுங்கள்.