பழைய கார்டும் அதன் சூடும்

வணக்கம். பழைய கிராபிக்ஸ் கார்டை ஓவர்கிளாக் செய்வது, அதாவது தயாரித்தவர்கள் வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது, பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். வேகத்தைவிடச் சூட்டைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்னுடையது 1999இல் வந்த வூடூ3 3000. வேகம் 166 மெகாஹெர்ட்ஸ். ஃபேன் கிடையாது, சிப்பின் மேல் ஒரு ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் துண்டு, அவ்வளவுதான். அரை மணி நேரம் கேம் ஓடினால் அதில் விரலை வைக்க முடியாது. நிமிர்ந்து நிற்கும் கேபினெட்டில் கார்டு படுத்த வாக்கில் இருக்கும், சிப் கீழே பார்த்துத் தொங்கும். சூடு மேலேதானே போகும்? மேலே கார்டே மறிக்கிறது.

ஹீட்சிங்கைக் கழற்றிப் புது தெர்மல் பேஸ்ட், அதாவது சிப்பின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் களிம்பு, போடலாம் என்று உட்கார்ந்தேன். கழன்றால்தானே! பசை போட்டு ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பினேன். நீங்கள் நெம்பாதீர்கள். அது வழுக்கி, முடி மாதிரி ஓடும் செம்புக் கோட்டின் மேல் ஒரு கீறல். நல்லவேளை, கோடு அறுபடவில்லை. அப்புறம்தான் பழகியவர்கள் சொல்லும் வழிக்கு வந்தேன்: கார்டைப் பையில் இறுகக் கட்டி ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைப்பது. குளிரில் பசை விறைத்து உடையும் பதத்துக்கு வரும். வெளியே எடுத்து மெதுவாகத் திருகினேன், 'டக்'! சிப்தான் போயிற்று என்று நெஞ்சு அடைத்துவிட்டது. பார்த்தால் ஹீட்சிங்க் மட்டும் கையில். உடனே கரண்ட் கொடுக்காதீர்கள், கார்டில் நீர் கோத்திருக்கும், ஒரு நாள் காயட்டும்.

பேஸ்ட் வாங்கி வைத்தது வீண். பிடித்து நிறுத்த ஸ்க்ரூ இல்லாதபோது பேஸ்ட் எப்படித் தாங்கும்? சூட்டைக் கடத்தும் பசையையே மறுபடி போட்டு, கீழிருந்து காற்று படும்படி ஒரு ஃபேன் கட்டினேன். மறுபடியும் சொல்கிறேன், முதலில் சூடு, பிறகு வேகம். அதற்கப்புறம் 183 வரை முணுமுணுக்காமல் ஓடியது. அதன் அண்ணன் 3500 கடையிலிருந்து வரும்போதே அந்த வேகம்தான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சரி, மெமரி பற்றிச் சுருக்கமாக. இந்தக் கார்டில் சிப்புக்கும் மெமரிக்கும் ஒரே கடிகாரம், ஒன்றை ஏற்றினால் மற்றதும் ஏறும். திரையில் கலர்ப் பொடி தூவினாற்போல் புள்ளிகள் வந்தால் ஐந்து மெகாஹெர்ட்ஸ் இறக்குங்கள். பவர் சப்ளைக்கு நேரமில்லை. வணக்கம்.